ஆணி அடிக்காமல் ஒரு காவல்

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்றில் நான்கு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாவது மாடி. வாட்ச்மேன் பகலில் மட்டும்தான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவருக்கு மாதத்தில் பத்து நாள் நைட் ஷிஃப்ட். வீட்டில் 68 வயது அம்மா, முட்டிவலிக்காரர். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். பொங்கல் லீவில் கீழ் ஃப்ளாட்காரர்கள் ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா ராத்திரியில் மூன்று தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

கணவர் பெரிய பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: ஸ்மார்ட் லாக், வாசலில் கேமரா, எல்லா அறையிலும் ஸ்மார்ட் பல்பு, போனிலேயே ஏசி, கீசர். ஹவுஸ் ஓனரோ சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கதவில் கை வைக்கக் கூடாது என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்கியிருக்கிறார். வாசல் கேமரா என்று பேச்செடுத்ததுமே எதிர் ஃப்ளாட் மாமி, “எங்க வாசலை நீங்க ஏன் படம் பிடிக்கணும்?” என்று கேட்டுவிட்டார். பதினோரு மாதம் முடிந்தால் இதே வீட்டில் இருப்போமா என்றும் தெரியாது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம்? கரண்ட் போனால் இதெல்லாம் வேலை செய்யுமா?

வாசகி, மேடவாக்கம்

பதில்: கணவரின் பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சாவி இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஓனரிடம் ஒன்று இருக்கும். உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் காலி செய்யும்போது இரண்டு சாவியைக் கொடுத்திருப்பார். மூன்றாவதாக அவர் போட்டுக்கொண்ட டூப்ளிகேட்டைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீடு காட்டிய புரோக்கரிடம் ஒரு வாரம், பெயின்ட் அடித்தவரிடம் நான்கு நாள் சாவி இருந்திருக்கும். நான் சென்னையில் ஆறு வாடகை வீடுகளில் இருந்தவன். மூன்றாவது வீட்டில், குடிபோன ஒரு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ சாவி போட்டுக் கதவைத் திறந்தார். பழைய குடித்தனக்காரரின் தம்பி. அண்ணன் வீடு மாறியது தெரியாமல் ஊரிலிருந்து பையோடு வந்திருந்தார். காபி கொடுத்துதான் அனுப்பினோம். ஆனால் அன்று மத்தியானமே பூட்டை மாற்றினேன்.

கதவில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறாமலே இதைச் செய்யலாம். கதவின் பக்கவாட்டில் ஒரு திருகாணியும், சாவி நுழையும் இடத்தில் நீளமான பித்தளை உருளையும் இருந்தால் அது சிலிண்டர் பூட்டு. திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் உருளை மட்டும் வெளியே வரும். அதன் நீளத்தை அளந்துகொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் அதே அளவில் புதிது கிடைக்கும். தச்சர் தேவையில்லை, புது ஓட்டை கிடையாது. உள்பக்கம் பெட்டி மாதிரி பொருத்திய நைட் லாட்ச் என்றால் அதே கம்பெனியின் அதே மாடலை வாங்குங்கள். பழைய திருகாணி ஓட்டைகளிலேயே உட்கார்ந்துவிடும். பழைய பூட்டைத் தூக்கி எறிய வேண்டாம், அது ஓனருடைய சொத்து.

முன்கூட்டியே ஓனரிடம் சொல்லுங்கள். ஒரு சாவி தனக்கு வேண்டும் என்பார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் உறவைப் பொறுத்தது. ஆனால் சாவி கையில் இருப்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே வரலாம் என்று சட்டம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஓனர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்பது அதற்கு முந்தைய காலத்துப் பழக்கம். உங்கள் அக்ரிமென்ட் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணவர் பட்டியலில் முதலில் இருக்கும் ஸ்மார்ட் லாக்கை அடித்துவிடுங்கள். அது மோசமான பொருள் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் கிடைப்பவற்றில் பலவற்றைப் பொருத்தக் கதவை வெட்டித் துளைக்க வேண்டும். அது உங்களால் முடியாது. வயதானவர்களுக்கு, அதுவும் ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரல்களுக்கு, ரேகை தேய்ந்திருக்கும். விரலை வைத்து வைத்து எடுத்து அம்மா வாசலிலேயே நிற்பார். பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும் என்பதும் உண்டு.

செலவில்லாத விஷயங்கள் சில. வெளியே போகும்போது கிரில் கேட்டில் பெரிய தொங்கு பூட்டு போடுகிறீர்களா? தெருவில் போகிறவனுக்கு ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று போர்டு மாட்டுவது அது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவியால் பூட்டும் பூட்டுகளில் அந்தச் செய்தி வெளியே தெரியாது. கிரில் கம்பிக்கு இடையில் கையை விட்டால் உள் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று நீங்களே வெளியே நின்று முயன்று பாருங்கள். எட்டினால் அந்த இடத்தில் ஒரு அக்ரிலிக் தகட்டைக் கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம். இரண்டாவது மாடி என்று பால்கனியை அலட்சியம் செய்ய வேண்டாம். சன்ஷேடும் டிரெயினேஜ் பைப்பும் ஏணி மாதிரிதான். ஸ்லைடிங் கதவாக இருந்தால் அது ஓடும் தடத்தில் அளவாக வெட்டிய பிவிசி பைப் துண்டு ஒன்றைப் படுக்க வையுங்கள். கொக்கியை நெம்பினாலும் கதவு நகராது. பாத்ரூம் ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு ஒல்லியான ஆள் உள்ளே இறங்குவது பழைய வழி. அங்கே பின்னால் கம்பி இல்லையென்றால் ஓனரிடம் எழுதிக் கேளுங்கள்.

இனி மின்னணுச் சாமான். வாடகை வீட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வாங்கியதெல்லாம் வீடு மாறும்போது ஒரு அட்டைப்பெட்டியில் அடங்க வேண்டும், எடுத்த இடத்தில் தடம் தெரியக் கூடாது. இதற்கு ஒத்துவரும் முதல் பொருள் கதவு சென்சார். இரண்டு துண்டு. ஒன்று காந்தம், இன்னொன்றில் காந்தம் விலகினால் சர்க்யூட் மாறும் குட்டி ஸ்விட்சும் ஒரு பட்டன் பேட்டரியும். ஒன்றைக் கதவிலும் இன்னொன்றை நிலையிலும் ஒட்ட வேண்டும். மூடியிருக்கும்போது இடைவெளி ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கட்டும். இரும்பு கிரில்லில் நேரடியாக ஒட்டினால் இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக் குழப்பும். மரக் கதவில் ஒட்டுங்கள். மெயின் கதவு, பால்கனிக் கதவு இரண்டு போதும்.

வைஃபை சென்சார், ஜிக்பீ சென்சார் என்று இரண்டு வகை கிடைக்கும். வைஃபைக்குத் தனிப் பெட்டி வேண்டாம், ஆனால் பேட்டரியைச் சீக்கிரம் குடிக்கும். ஜிக்பீக்கு ஹப் என்ற சிறு பெட்டி ஒன்று வேண்டும். சென்சார் ஒரே பேட்டரியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். உங்கள் வீட்டுக்கு ஜிக்பீயைத்தான் சொல்வேன். காரணம் பேட்டரி மட்டும் இல்லை. இன்டர்நெட் போனாலும் ஹப்பும் சென்சாரும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டு சைரனை அடிக்கும்படி அமைக்க முடியும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: “நெட் இல்லாதபோது இந்த ஹப் தானாகவே அலாரம் அடிக்குமா?” பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடைக்குப் போங்கள். 2022-இல் வந்த மேட்டர் என்ற பொது மொழி பேசும் ஹப்பாக இருந்தால் நல்லது. பிற்பாடு வேறு கம்பெனிப் பொருளைச் சேர்க்க வழி இருக்கும்.

கம்பெனியின் சர்வரையே முழுக்க நம்பிய பொருள் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். ரிவால்வ் என்ற ஹப்பை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்தக் கம்பெனியைக் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. ஹப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மறுநாள் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

ஒட்டுவதில் ஒரு எச்சரிக்கை, பட்டவன் சொல்கிறேன். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால், எடுக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து உரிந்து வரும். ஒரு வீட்டில் நான்கு இடத்தில் அப்படி உரித்துவிட்டு, அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை விட்டுவிட்டு வந்தேன். மரநிலை, டைல்ஸ், கண்ணாடி, பீரோ ஆகியவற்றில்தான் ஒட்ட வேண்டும். எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, தையல் நூலைப் பின்னால் விட்டு அறுப்பதுபோல் இழுத்தால் பாலிஷ் கெடாமல் வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அம்மா மூன்று தடவை எழுந்துபோவது. முட்டிவலியோடு, இருட்டில், தூக்கக் கலக்கத்தில். திருடன் வருவதைவிட அவர் விழுவதற்குத்தான் அதிக வாய்ப்பு இருக்கிறது. அதனால் இந்த ஏற்பாட்டின் எஜமானி அம்மாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆப் வேண்டாம், நோட்டிஃபிகேஷன் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை விளக்கை வைத்து, அதில் கலர் மாறும் ஸ்மார்ட் பல்பு ஒன்றைப் போடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கதவு மூடியிருந்தால் மங்கலான பச்சை; கதவு திறந்தால் சிவப்பு, கூடவே சைரன். படுத்தபடியே கண்ணைத் திறந்து பச்சையைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். முதல் வாரம் நம்ப மாட்டார். அவரையே கதவைத் திறக்கச் சொல்லி, விளக்கு சிவப்பாவதைப் பேரன் பார்த்துக் கத்தட்டும். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்பதைச் சென்சார் சொல்லாது, கதவு மூடியிருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். எனவே படுக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடுவது யார் என்று வீட்டில் ஒருவரை முடிவு செய்துவிடுங்கள்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் நடந்தால் எரியும் பேட்டரி விளக்குகள் இரண்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள். சில நூறு ரூபாய்தான். ஜிக்பீயில் தீப்பெட்டி அளவில் பொத்தான் கிடைக்கிறது. ஒன்றைப் பாத்ரூமுக்குள், கீழே விழுந்தாலும் கை எட்டும் உயரத்தில், டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் நேரே தெறிக்காத மூலையாகப் பாருங்கள். அழுத்தினால் வீட்டில் சைரன் அடிக்க வேண்டும்; உங்கள் இருவர் போனிலும் செய்தி வர வேண்டும். பகலில் அவர் தனியாக இருக்கும்போது உள் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு இருந்தால், ஏதாவது ஒன்றென்றால் யாரும் உள்ளே வர முடியாது என்பதையும் யோசியுங்கள். வெளியிலிருந்து சாவியால் திறக்க முடிகிற லாட்ச் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஒரு சாவியை நம்பகமான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அது எதிர் ஃப்ளாட் மாமியாகவே இருந்தால் எவ்வளவு நல்லது.

மாமி கேட்டது நியாயமான கேள்வி. காரிடர் உங்களுடையது மட்டும் இல்லை, பொது இடம். அதில் கேமரா வைக்க அசோசியேஷன் சம்மதம் வேண்டும். கேமராவின் கண் முழுக்க அவர் வாசலில் விழுந்தால், அவர் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் உங்கள் போனில் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களுக்குள் நடந்த வழக்கு ஒன்றில், இன்னொருவர் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் வைத்த கேமராக்களை இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. அது ஒரு வீட்டுக்குள் நடந்த தகராறு, காரிடருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறதல்லவா?

எனவே கேமராவை வீட்டுக்கு உள்ளே வையுங்கள். ஹாலில் டிவி ஸ்டாண்டு மேலோ புத்தக அலமாரியிலோ, மெயின் கதவை உள்ளிருந்து பார்க்கும்படி. கதவைத் திறந்து யார் உள்ளே வந்தாலும் முகம் நேராகப் பதிவாகும். மாமிக்கும் பிரச்சினை இல்லை, ஓனருக்கும் இல்லை. வாசலில் நிற்பவரைப் பார்க்கக் கதவில் ஏற்கெனவே இருக்கும் குட்டிக் கண்ணாடித் துவாரம் போதும். அம்மாவுக்குக் குனிந்து பார்க்கக் கஷ்டமென்றால், அந்தத் துவாரத்திலேயே பொருந்தி உள்ளே சின்ன திரையில் காட்டும் வகை இருக்கிறது. பதிவு செய்யும் வசதியை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைப் படுக்கையறைப் பக்கம் திருப்பாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது அது தானாகக் கண்ணை மூடிக்கொள்ளும்படி ஆப்பில் அமைக்கலாம்; அல்லது ஸ்மார்ட் ப்ளக்கில் செருகி மின்சாரத்தையே நிறுத்தலாம். எனக்குப் பின்னது பிடிக்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்து, ஒருநாள் அவரே கண்டுபிடித்தால் அந்த உறவு அன்றோடு போயிற்று.

பெட்டியில் வரும் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்குதலுக்குப் பயன்பட்டது மிராய் என்ற நிரல். அது செய்ததெல்லாம், ஃபேக்டரியில் வைத்த அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை உலகம் முழுக்க இருந்த கேமரா, ரவுட்டர்களில் போட்டுப் பார்த்ததுதான். திறந்துகொண்டவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் கேமரா படையில் சேர்ந்ததே தெரியாது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பேர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிர்க்க இது இன்னொரு காரணம். ரவுட்டரில் ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை வைக்க முடியும். கேமராவையும் ப்ளக்குகளையும் அதில் இணையுங்கள். உங்கள் லேப்டாப்பும் போனும் வேறு வைஃபையில் இருக்கட்டும். ஹப் மட்டும் வீட்டுப் போனோடு நேராகப் பேச வேண்டியிருந்தால் அதற்கு விதிவிலக்குக் கொடுக்கலாம். இணைக்கும்போது தகராறு செய்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: இந்தச் சாமான்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும்தான் புரியும், உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்.

பதிவை மெமரி கார்டிலேயே வைக்கலாம், மாதச் சந்தா கட்ட வேண்டாம். வினாடிக்கு ஒன்றரை மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 16 ஜி.பி. ஆகும், 128 ஜி.பி. கார்டில் ஒரு வாரம் தங்கும், அதற்குப் பிறகு பழையதன் மேல் எழுதிக்கொண்டு போகும். ஆள் அசைந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் இன்னும் நாள் வரும். ஆனால் நம் வீடுகளில் அசைவது ஆள் மட்டும் இல்லை. ஃபேன் காற்றில் தினக் காலண்டர் படபடக்கும், திரைச்சீலை ஆடும். ராத்திரி கேமராப் பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். என் வீட்டு ஆப்பில் ஒரு மாதம் முழுக்க ‘மனிதர் தென்பட்டார்’ என்று வந்ததெல்லாம் லென்ஸில் ஒட்டிக்கொண்ட ஒரே பல்லி. கதவு இருக்கும் பகுதியை மட்டும் கவனிக்கும்படி ஆப்பில் கட்டம் போட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்? சென்சாரும் பொத்தானும் பேட்டரியில் ஓடும். ஹப்பும் ரவுட்டரும் நின்றுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த ப்ளக் பாயின்ட்டில் இரண்டையும் செருகுங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே கையடக்க யுபிஎஸ் கிடைக்கிறது. 12 வோல்ட் ரவுட்டரை இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். பலர் ஒன்றை மறந்துவிடுவார்கள். உங்கள் ஏரியா கேபிள்காரர் இணைப்பு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. படிக்கட்டுக்குக் கீழே அவர் மாட்டியிருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால், உங்கள் யுபிஎஸ் வீண். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரை மின்தடை இருக்கும் நாளில் இதைச் சோதித்துப் பாருங்கள். நெட் போனாலும் வீட்டுக்குள் சைரன் அடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதனால் ஹப்பும் பேக்கப்பில் ஓட வேண்டும், சைரனும் உள்பேட்டரி உள்ளதாக இருக்கட்டும்.

போனில் ஏசி, லைட் என்கிற கணவரின் ஆசைக்கு வருவோம். ஏசிக்குச் சுலபம். ரிமோட் அனுப்பும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் உருண்டை ஒன்று ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஏசியைப் பார்த்தபடி மேசையில் வைத்தால் போதும். ஏசி ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது, சொல்லத்தான் தெரியும். எல்லா அறையிலும் ஸ்மார்ட் பல்பு வேண்டாம். சுவர் ஸ்விட்சை அம்மா அணைத்துவிட்டால் பல்பு செத்துப்போகும், போனில் எவ்வளவு தட்டினாலும் எரியாது. நாற்பது வருடமாக அறையை விட்டுப் போகும்போது ஸ்விட்சை அணைக்கிற கையை மாற்ற எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாது. அவர் கட்டில் விளக்கையும் அதனால்தான் தனி ப்ளக் பாயின்ட்டில் செருகி, அந்த ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடச் சொல்வேன். ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கும் ரிலேக்கள் நல்லவைதான், ஆனால் போர்டைத் திறக்க வேண்டும், நியூட்ரல் வயர் வேண்டும், எலெக்ட்ரீஷியன் வேண்டும், ஓனர் சம்மதமும் வேண்டும். சொந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கீசர் விஷயத்தில் மட்டும் கணவரிடம் கறாராக இருங்கள். 3,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 அல்லது 10 ஆம்பியர் ஸ்மார்ட் ப்ளக்கில் போட்டால் ப்ளக் உருகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். 16 ஆம்பியர் என்று அச்சிட்டதைத் தவிர வேறெதிலும் கீசரைச் செருகக் கூடாது. என்னைக் கேட்டால், கீசரை எழுந்துபோய்ப் போடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

திருடனைவிட அடிக்கடி வருகிற ஆபத்து அடுப்படியில் இருக்கிறது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். கேஸ் சென்சாரைச் சிலிண்டருக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் வைக்க வேண்டும். அடுப்பு மேடைக்கு மேலே வைப்பது வீண். கசிவு தெரிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும்படி அமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கேஸ் பரவிய அறையில் ஸ்விட்சோ ரிலேயோ தட்டினால் வரும் சிறு பொறியே போதும். அலாரம் அடித்தால் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, ஸ்விட்சைத் தொடாதே, வெளியே வந்து 1906-க்குப் போன் செய். இதை ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். புகை அலாரம் வாங்கினால் பூஜை மாடத்துக்கும் அடுப்படிக்கும் தள்ளி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் மிளகாய் தாளிப்புக்கும் ஊரைக் கூட்டும். மெயின் போர்டில் ‘டி’ (T) என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள். அது மின்கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டுகிற கருவி. பட்டனை அழுத்தினால் வீடு முழுக்க கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் கருவி பழுது. அதை மாற்றித் தரும்படி ஓனரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பணக் கணக்கு, ஏறத்தாழ: பூட்டுக்கு 2,000, ஹப், இரண்டு கதவு சென்சார், ஒரு பொத்தான், சைரன், கட்டில் விளக்குக்கான பல்பு எல்லாமாக 6,500, கேமராவும் கார்டும் 3,000, ரவுட்டர் யுபிஎஸ் 1,500, கேஸ் சென்சார் 1,500, மீதியில் நடந்தால் எரியும் விளக்குகள். ஏசி உருண்டை அடுத்த மாதச் சம்பளத்தில். கணவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அமாவாசைக்கு அமாவாசை ஒருமுறை எல்லாவற்றையும் சோதியுங்கள்: கதவைத் திறந்து விளக்கைப் பார்க்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், ‘டி’ பட்டனை அழுத்த வேண்டும். பேட்டரி தீர்ந்த சென்சார் சத்தம் போட்டுச் சொல்லாது; கடைசியாகச் சொன்ன பச்சையிலேயே நின்றுகொண்டிருக்கும். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள், ஹாலில் ஒரு விளக்கு மாலை ஆறரையிலிருந்து பத்து வரை எரியும்படி ஸ்மார்ட் ப்ளக்கில் நேரம் வையுங்கள்.

ஓனருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: பூட்டின் சிலிண்டரை மட்டும் எங்கள் செலவில் மாற்றுகிறோம், காலி செய்யும்போது பழையதைத் திரும்பப் பொருத்திக் கொடுப்போம், சுவரில் எதுவும் துளைக்கவில்லை. அவர் ‘ஓகே’ என்று போடும் பதிலைப் படம் பிடித்து அக்ரிமென்ட்டோடு வையுங்கள். கழற்றிய பழைய சிலிண்டரையும், அதன் திருகாணியையும், பழைய சாவிகளையும் ஒரு கவரில் போட்டு, மேலே ஃப்ளாட் நம்பரை எழுதிப் பரணில் வையுங்கள். காலி செய்கிற நாளில் கேமரா, ஹப் எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து நீக்கி ரீசெட் செய்து பெட்டியில் போட்டபிறகு, கடைசியாகக் கதவை விட்டு வெளியே வருமுன் அந்தக் கவரைத் தேட வேண்டியிருக்கும்.